அமெரிக்காவுக்குப் போன பதினெட்டுப் படங்கள்

எங்கள் வீட்டில் அந்நாளில் இரண்டு செய்திகள் ஐயத்துக்கு இடமில்லாதவையாக இருந்தன. அண்ணன் பிறவி ஓவியன் என்பது ஒன்று. எனக்குப் பிறவியிலேயே அமைந்த இடது கைப் பழக்கத்தை என் எட்டு வயதுக்குள் அம்மா அடியோடு மாற்றிவிட்டாள் என்பது மற்றொன்று. உறவினர் வீட்டு விசேஷங்களில் இந்த இரண்டையும் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். மகனைப் பற்றிச் சொல்லும்போது குரலில் பெருமை இருக்கும். மகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வழக்கில் வென்றவளின் நிறைவு இருக்கும்.

"இவளச் சோத்தாங்கைக்கு மாத்துததுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிட்டு. வெரலெல்லாம் வேப்பெண்ணையத் தடவி, துணியச் சுத்தி, என்ன பாடு! இப்பம் பாருங்க, எழுத்து முத்து முத்தா இருக்கும்."

எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. வலது கையால் எழுதினேன், உண்டேன், கோயிலில் திருநீறு வாங்கினேன். வரைவது மட்டும் இடது கையால். அதற்கு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டடி நிழல் இருந்தது. துணி உலர்த்த வருபவர்கள் கொடிக் கயிற்றோடு திரும்பிவிடுவார்கள். அதற்கு அப்பால் வருவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஐந்து நோட்டுகள் நிறையும்வரை நான் எந்தக் கையால் வரைகிறேன் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. என் படங்களைப் பார்த்தவர்கள் உண்டு. நான் வரைவதைப் பார்த்தவர்கள் இல்லை.

அண்ணனின் ஓவியத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் கட்டம் போட்டு வரைபவன். நடிகரின் புகைப்படத்தின் மேல் அரை அங்குலக் கட்டங்கள், வரைதாளில் அதைப்போல் இரு மடங்குக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து நிரப்புவான். பொறுமை வேண்டிய வேலை. முகம் அச்சாக வந்துவிடும். கடைசியில் அழிப்பானால் கட்டங்களை அழிக்கும்போது அவன் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியில் கலப்படம் இருந்ததில்லை. பள்ளிப் பரிசுகள் அலமாரியின் மேல்தட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆனால் புகைப்படம் இல்லாமல் எதிரிலிருக்கும் ஒரு தம்ளரை அவனால் வரைய முடியாது. அது எனக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. அவனுக்கே அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அப்பாவுக்கு வண்ணார்பேட்டையில் மிக்ஸி, குக்கர், கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கடை. அண்ணன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு ஓராண்டாக வீட்டில் இருந்தான். நான் பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். நியூஜெர்சியில் வேலையிலிருந்த அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு நாள் அண்ணனின் கைப்பேசிக்கு ஓர் இணையப் பக்கத்தை அனுப்பினார். ஓவியராக விரும்புவோருக்கு அமெரிக்காவின் தலைசிறந்த கலைப் பள்ளிகள் எவை என்று சொல்லும் பக்கம் அது. மருமகனுக்கு இடம் கிடைத்தால் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகவும், படங்கள் பிடித்துப்போனால் பள்ளியே உதவித்தொகை கொடுக்கும் என்றும் சொன்னார். ஆங்கிலம் என்பதால் அந்தப் பக்கத்தை வாசித்துத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசித்தேன். அட்லாண்டிக் கரையோரம் மலைச்சரிவில் ஒரு சிறு நகரம் முழுவதும் மாணவர்களின் பட்டறைகளாகப் பரவியிருக்கும் பள்ளி. பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளி. அங்கே மாணவர்கள் வகுப்பிலிருந்து எழுந்து நடந்தால் உலகத்து ஓவியங்களின் முன்னால் போய் நிற்கலாம். மேற்குக் கரையில், கார்களுக்கு வடிவம் கொடுக்கக் கற்பிக்கும் பள்ளி. எல்லாவற்றிலும் மதிப்பெண் இரண்டாம்பட்சம். பன்னிரண்டிலிருந்து இருபது படங்கள் கொண்ட தொகுப்புதான் முதன்மை. அதிலும் பெரும்பாலான பள்ளிகள் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தன: புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை வேண்டாம், கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரைந்தவையே வேண்டும்.

அந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் செய்துகொண்டிருந்த வேலையை உலகத்தில் சிலர் ஒரு தகுதியாக எண்ணிக் கேட்கிறார்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

"அப்பம் நடிகர் படம் எடுபடாதாமா?" என்றார் அப்பா.

"போட்டோ பாத்து வரஞ்சா ஆகாதாம்ப்பா."

"போட்டோவப் பாக்காம மூஞ்சி எப்படி வரும்? நல்ல கூத்தா இருக்கு. மிசினப் பிரிக்காமலே ரிப்பேர் பாருன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நீ மாடியில ஒக்காந்து என்னத்தையோ கிறுக்கிக்கிட்டுக் கெடப்பியே, அது போட்டோ பாக்காமத்தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வயதில் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய மிகப்பெரிய முட்டாள்தனமான நம்பிக்கையோடு நான் சொன்னேன்: "ஆமாம்மா. நானும் அனுப்பிப் பாக்கலாம்லா?"

அப்பா சிரித்தார். அதில் கொடுமை இல்லை. குழந்தை கப்பல் கேட்டால் சிரிப்பதைப் போன்ற சிரிப்பு. "நீ அங்கன போயி என்ன செய்யப் போற? மாமா ஒருத்தனுக்குத்தான சொல்லிருக்கான்."

"அண்ணன் நல்லா இருந்தா ஒனக்குத்தானட்டி பெருமை," என்றாள் அம்மா. "நீ ஒருத்தன் கையப் புடிச்சிக்கிட்டுப் போறவா. இந்த நோட்டெல்லாம் ஒன்னோட வரவா போவுது?"

மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது என் பெட்டி திறந்திருந்தது. ஐந்து நோட்டுகளையும் அம்மா எடுத்து, தூசி தட்டி, கூடத்து மேசையில் வைத்திருந்தாள். பதினெட்டுத் தாள்களை அண்ணன் பிளேடால் வெட்டி எடுத்து வரிசையாகப் பரப்பியிருந்தான். கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் பேருந்தின் கூரையில் வாழையிலைக் கட்டுகள். அப்பாவின் கடையில் ஆணியில் தொங்கும் குக்கர் வளையங்கள். அம்மாவின் வெடித்த குதிகால். ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் அவன் கறுப்பு மைப் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். பல்லிடுக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு.

"கையெழுத்து இல்லாட்டி ஆரு வரஞ்சதுன்னு கேப்பாவல்லா," என்றான் என்னைப் பார்த்து.

குதிகால் படத்தில் மை சற்றுப் பரவிவிட்டது. "சே, நல்ல படம்," என்று வருந்தி, ஊதி ஊதி அதைக் காயவைத்தான். அவன் வருத்தம் உண்மையானது என்பதை நான் பார்த்தேன். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை என்பதையும் பார்த்தேன்.

நான் சண்டையிடவில்லை. அழவில்லை. அன்றைக்கு வீட்டில் புளிக்குழம்பு, உட்கார்ந்து உண்டேன். பிறகு விண்ணப்பங்களை நானே நிரப்பினேன். 'நான் ஏன் ஓவியனாக விரும்புகிறேன்' என்ற கட்டுரையை அவன் பெயரில் நானே எழுதினேன். அது என் உண்மையான கட்டுரை. ஒரு சொல்லைக்கூட நான் கெடுத்து எழுதவில்லை. படங்களை ஸ்கேன் செய்து மூன்று பள்ளிகளுக்கு அனுப்பினோம். பழிவாங்கும் எண்ணம் அப்போது என்னிடம் இருந்ததாக நினைவில்லை. இருந்தது இன்னதென்று சொல்ல முடியாத ஒரு குளிர்ச்சிதான்.

அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு வழி கிடைத்தது நூலகத்தில். பாளையங்கோட்டையில் நான் வாரந்தோறும் போகும் நூலகத்தில், கீழ்த்தட்டில், ஒருவரும் தூக்க விரும்பாத கனத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. பழைய ஐரோப்பிய ஓவியர்களின் கோட்டுப் படங்களைப் பற்றியது. ஒரு படத்தைப் பார்த்து, வரைந்தவர் எந்தக் கைக்காரர் என்று அறியும் முறையை அதில் ஒரு பக்கம் விளக்கியது. நிழலைக் காட்டுவதற்காக ஓவியர்கள் அருகருகே சாய்கோடுகள் இழுப்பார்கள். வலது கைக்காரரின் கோடு மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமுமாகச் சாயும். இடது கைக்காரரின் கோடு அதற்கு நேரெதிர். மணிக்கட்டு திரும்பும் இயல்பு அது. கையெழுத்தை மாற்றலாம், இதை எளிதில் மாற்ற வராது.

என் பதினெட்டுப் படங்களிலும் நிழல்கள் சாய்கோடுகளால் ஆனவை. ஆயிரக்கணக்கான கோடுகள், அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தவை. அவை ஒரு வாரத்துக்கு முன்பே அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வலது கைக்காரனின் கையெழுத்து.

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று பேருந்து நிறுத்தத்திலேயே முடிவு செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தெளிவாக எடுத்த முடிவுகள் குறைவு.

இரண்டு பள்ளிகள் பதில் எழுதவில்லை. கடற்கரைச் சிறு நகரத்துப் பள்ளியிலிருந்து மாசி மாதத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. படங்கள் தேர்வுக் குழுவை மிகவும் கவர்ந்தன. விண்ணப்பதாரர் இன்னும் ஒரு படம் மட்டும் அனுப்ப வேண்டும். 'உங்கள் வீட்டில் அதிக முறை பழுதுபார்க்கப்பட்ட பொருள்' என்பது தலைப்பு. அதன் பிறகு காணொளியில் ஒரு நேர்காணல்.

அப்பா மறுநாளே தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார். ஒரு விமானம், அமெரிக்கச் சுதந்திர தேவி சிலை, இரண்டுக்கும் நடுவில் குளிர்க்கண்ணாடி அணிந்த அண்ணன். 'அமெரிக்காவே வியக்கும் ஓவியரே' என்று மேலே மஞ்சள் எழுத்து.

"விசா வந்த பொறவு வச்சிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"நேர்காணலுங்கது சும்மா ஒரு மொறைக்குத்தாம்வே," என்றார் அப்பா. "படத்தப் பாத்தே அந்தாளுக அசந்து போயிட்டாவ."

வீட்டில் அம்மா என்னிடம் வந்தாள். "அந்த ஒரு படத்தையும் நீயே போட்டுக் குடுத்துருட்டி. அவன் பேச்சுக்குத் தயார் பண்ணணும்லா."

ஊரார் பொருள்களையெல்லாம் பழுதுபார்ப்பவர் வீட்டில் எங்கள் மேசை விசிறிதான் அதிக முறை பழுதுபார்க்கப்பட்டது. மூன்று இறக்கைகளில் ஒன்று வேறு நிறம். வேகத்தைக் கூட்டும் குமிழ் உடைந்து, அந்த இடத்தில் பற்பசை மூடியை அப்பா ஒட்டியிருந்தார். கம்பிக் கூண்டு இரண்டு இடங்களில் செம்புக் கம்பியால் கட்டியது. அதை மாடிக்குக் கொண்டுபோய் வைத்து மூன்று நாள் வரைந்தேன்.

என் கையை மறைக்க எனக்கு வழிகள் இருந்தன. கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னலாம். தாளைத் திருப்பி வைத்து இழுக்கலாம். கரியைத் தடவி விரலால் தேய்த்துவிடலாம். ஒன்றையும் செய்யவில்லை. கோடுகளை விலக்கி விலக்கி, ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்படி, அத்தனையையும் என் பக்கத்துக்கே சாய்த்தேன். நான் வரைந்தவற்றில் அதுவே சிறந்த படம் என்று இன்றும் நினைக்கிறேன். பகை ஒருவரின் கையை எவ்வளவு நிதானப்படுத்தும் என்பதை அந்த மூன்று நாளில் அறிந்தேன்.

அண்ணன் அதைப் பேருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நல்லாருக்கு," என்று சொல்லி மூலையில் கையெழுத்துப் போட்டான்.

நேர்காணல் மாலை ஏழு மணிக்கு. அங்கே அப்போது காலை. அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மடிக்கணினிக்குப் பின்னால் நின்றார். அம்மா அண்ணனின் நெற்றியில் திருநீறு பூசினாள். அவனுக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. தேவைப்படும் இடத்தில் தங்கை மொழிபெயர்ப்பாள் என்று முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தோம். அவன் பக்கத்தில் ஒரு முக்காலியில் நான்.

திரையில் வந்தவர் குட்டையாக வெட்டிய நரைமுடியும் மூக்குக் கண்ணாடியும் கொண்ட ஒரு பெண்மணி. ஓவிய ஆசிரியை. விசிறிப் படத்தைப் பற்றி அவர் பேசியபோது அண்ணன் சொல்லுக்குச் சொல் தலையாட்டினான். நான் மொழிபெயர்த்தேன். என் படத்தைப் புரிந்துகொண்டு ஒருவர் பேசுவதை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அதையும் அவன் பொருட்டே கேட்டேன்.

பிறகு அவர், "நீங்கள் இடது கைக்காரர்தானே?" என்று இயல்பாகக் கேட்டார்.

அண்ணன் மகிழ்ச்சியோடு வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

அவர் விசிறிப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து இரண்டு நிமிடம் வரைய முடியுமா என்று கேட்டார். காப்பி குடித்த எவர்சில்வர் தம்ளர் மேசையில் இருந்தது. அண்ணன் வரைந்தான். தம்ளரின் வாய் நசுங்கியது. நிழலுக்கு அவன் இழுத்த கோடுகள் மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமுமாகச் சாய்ந்தன. தாளைக் கேமராவுக்குக் காட்டினான். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மிக மென்மையாக, உங்கள் வீட்டில் இடது கைப் பழக்கம் உள்ளவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அண்ணனுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. வேறு எதையாவது மொழிபெயர்த்துச் சொல் என்றது அது. நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"நம்ம வீட்டுல எடக்கைப் பழக்கம் உள்ளவங்க ஆராவது இருக்காங்களான்னு கேக்காவம்மா."

அம்மா அதை ஒரு குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தாள். அவள் குங்குமம் திரையை நிறைத்தது.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. எம் மவன் பொறந்ததுலேருந்து சோத்தாங்கைதான். ஒரு நாளு, ஒரு பொழுது மாறினது கெடையாது. இந்தா இருக்காளே, இவளுக்குத்தான் அந்தச் சனியன் இருந்துச்சி. எட்டு வயசுலயே வேப்பெண்ணையத் தடவி, துணியக் கட்டி, நான் மாத்திட்டேன். எங்கள அப்படி ஒண்ணும் நெனைச்சிராதிய."

"சொல்லு, சொல்லு," என்று அப்பா என்னை அவசரப்படுத்தினார். "பரம்பரையிலயே கெடையாதுன்னு சேத்துச் சொல்லு."

நான் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. வேப்பெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு கணம் நின்று யோசித்து அதையும் சரியாகச் சொன்னேன். சனியனை மட்டும் 'தீய பழக்கம்' என்றேன். அப்பாவின் பரம்பரையையும் சேர்த்தேன். என் பக்கத்தில் அண்ணன் தம்ளர் வரைந்த தாளைக் கவிழ்த்து வைத்தான்.

அந்தப் பெண்மணி இப்போது என்னைப் பார்த்தார். "அது முழுவதும் போய்விட்டதா?" என்று என்னிடம் கேட்டார்.

இந்த இடத்தை நான் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். 'இல்லை, அவை என் படங்கள்' என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவர் கேட்டார். ஆனால் நான் அப்படிச் சொன்ன மறுகணம் அது வேறு கதையாகிவிடும் என்று பயந்தேன். அண்ணனுக்கு உதவிய தங்கை, பாசமுள்ள குடும்பம், ஒரு சிறு தவறு. எல்லோரும் சிரித்து, அவனை மன்னித்துவிடுவார்கள். அவன் விழும்போது கீழே மெத்தையாக நான் இருக்க விரும்பவில்லை.

"நான் வலது கையால் எழுதுகிறேன்," என்றேன்.

அவர் தலையை அசைத்தார். நான் மேலும் பேசுவேன் என்று சற்று நேரம் காத்திருந்தார். நான் பேசவில்லை. நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டார்.

"என்னட்டி சொன்னாவ?" என்று அம்மா கேட்டாள்.

"நன்றின்னு சொன்னாவ."

"நான் பேசுனது நல்லதாப் போச்சி, பாத்தியா?" என்றாள் அம்மா அப்பாவிடம். "இல்லாட்டி என்ன நெனைச்சிருப்பாவ."

அண்ணன் எழுந்து மடிக்கணினியோடு தன் அறைக்குள் போனான். அன்றே மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். மறுநாள் காலை நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஏறி வந்தான். கொடிக் கயிற்றைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த இடத்தை முதன்முறையாக எட்டிப் பார்த்தான். என் பென்சில் சீவல்கள் அங்கே கிடந்தன.

"ஒனக்கு முன்னாடியே தெரியும்லா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாட்டி. நான் ஒன் அண்ணன்தான?"

"நான் எந்தக் கையால வரையுதேன்னு ஒனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் சொல்ல வேண்டி வந்திருக்காதே."

அவன் இறங்கிப் போனான். இரண்டு வாரம் கழித்து, இடம் கிடைக்கவில்லை என்று சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அமெரிக்காவில் இந்தியர்களுக்கு இனி இடம் கொடுக்க மாட்டார்களாம், மேலிடத்து அரசியல் என்று அப்பா தெருவில் விளக்கம் சொன்னார். அந்தப் பேனர், அப்பாவின் கடைக்குப் பின்னால் பழைய மிக்ஸிகளை மழையிலிருந்து காத்தது.

என் பழி அத்தோடு முடிந்திருந்தால் நான் இன்று இவ்வளவு தயங்கி எழுத மாட்டேன். முடியவில்லை. உறவினர்கள் வரும்போதெல்லாம், "மருமகனே, நம்ம புள்ள மூஞ்சிய வரஞ்சி குடேன்," என்று யாராவது கேட்பார்கள். உடனே எழுந்து தாளும் பென்சிலும் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பவள் நான். "போட்டோ வேண்டாம்ண்ணே, புள்ள எதுத்தாப்ல தான இருக்கு, பாத்தே வரஞ்சிருவியே," என்பேன் சிரித்த முகத்தோடு. அம்மா என் அக்கறையைக் கண்டு மகிழ்வாள். அவன் கைவலி என்பான், வேலையிருக்கிறது என்பான். ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டில், எல்லோர் முன்னாலும், அந்தப் பென்சிலை இரண்டாக ஒடித்து வைத்துவிட்டு வெளியே போனான். அதன் பிறகு அவன் எதையும் வரையவில்லை. கட்டம் போட்டும் வரையவில்லை. அழிப்பானால் கட்டங்களை அழிக்கும்போது அவன் முகத்தில் வந்த அந்த மகிழ்ச்சியை நான்தான் இல்லாமல் ஆக்கினேன். அது என் கணக்கில் இல்லாத சேதம் என்று சொல்ல மாட்டேன். அதுவும் வேண்டும் என்றே அப்போது இருந்தது.

அவன் ஷார்ஜாவுக்குப் போய் ஒரு பல்பொருள் அங்காடியில் கிடங்குப் பொறுப்பாளன் ஆனான். கல்யாணமாகி, குடும்பத்தையும் அங்கே அழைத்துக்கொண்டான். நான் எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கவில்லை. என் நல்ல படங்கள் இன்னொருவன் பெயரில் ஏற்கனவே போய்விட்டன. அந்தப் பெண்மணியின் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எண்ணினால் கூச்சமாகவும் இருந்தது. எங்கள் ஊர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நடக்கும் அகழாய்வுகளில் கிடைக்கும் பானை ஓடுகளைப் பதிவுக்காக வரையும் வேலை எனக்கு அமைந்தது. ஓட்டின் விளிம்பு, வளைவு, உடைப்பு, நிழல். வீட்டுக்கும் கொண்டுவந்து வரைவேன். என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் இருவர் நல்லவர்கள், நான்தான் உடன்படவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அப்பா இறந்த பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிற்பகலில், அண்ணனும் நானும் கூடத்தில் பந்திப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அந்த அமெரிக்காக்காரம்மா எழுதுன பதில்ல கடைசியா ரெண்டு வரி ஒனக்கு இருந்துச்சி."

நான் பாயைக் கீழே வைத்தேன்.

"ஒன் தங்கச்சி விண்ணப்பிக்கணும்னு நெனைச்சா, அடுத்த வருசம் நேரா எனக்கே எழுதச் சொல்லுன்னு. அவங்க சொந்த முகவரியும் போட்டிருந்தாவ."

"நீ சொல்லல."

"சொல்லல. ஒருநாள் சொல்லிரலாம்னு இருந்தேன். அன்னைக்குத்தான் ஆழ்வார்குறிச்சியில பென்சிலக் கொண்டாந்து வச்ச. அழிச்சிட்டேன்."

நான் அவனைப் பார்த்தேன். மொட்டையடித்த தலையில் புதிதாக முளைத்த முடி, அதிலும் காதோரம் நரை, அப்பாவுடையதைப் போன்ற தோள்கள். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவன் செய்தது நான் செய்ததற்குச் சற்றும் குறையாதது. நான் ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். அவன் ஒரு பதிலைச் சொல்லாமல் இருந்தான். எங்கள் இருவரில் மற்றவரை நன்கு அறிந்தவர் யார் என்று அந்தப் பாய்களுக்கு நடுவில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இப்பம் எதுக்குச் சொல்லுத?" என்று கேட்டேன்.

"இனும ஆருக்காக அத மறைச்சி வச்சிக்கிட்டு இருக்க?" என்றான். சற்றுப் பொறுத்து, "எழுதிப் பாக்கியா? அந்தம்மா இன்னும் இருக்கலாம்," என்றான்.

"போதும்ண்ணே," என்றேன். எது போதும் என்று அவன் கேட்கவில்லை. மீதிப் பாய்களையும் இருவருமாகச் சுருட்டி, கட்டி, பரணில் ஏற்றினோம். அந்த வாரமே அவன் திரும்பிப் போனான்.

இப்போது நான் மாடிக்குப் போவதில்லை. கூடத்து மேசையில், சன்னல் வெளிச்சத்தில், இடது கையால் வரைகிறேன். அம்மா எதிரே நாற்காலியில் இருப்பாள். முதல் நாள், "கையப் பாரு," என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாராவது வந்தால் இன்றும், "எம் மவன் அமெரிக்கா போக வேண்டியவன். அரசியல் பண்ணிக் கெடுத்துட்டாவ," என்பாள். வந்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். நான் திருத்துவதில்லை. என் கோட்டை முடிப்பேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் அழைக்கிறான்; அம்மா பேசியபின் கைப்பேசியை என்னிடம் நீட்டுகிறாள்; நானும் இரண்டு சொல் பேசுகிறேன். அப்பாவின் கடையை வேறொருவர் நடத்துகிறார். இந்த வீட்டில் அம்மா இருக்கிறாள். நான் இருக்கிறேன்.